நிதானம் எழுதிய மேல்முறையீடு

கம்பெனியில் அவருக்கு வைத்த பெயர் நிதானம். லிஃப்ட் மெக்கானிக். ஒரு திருகைக் கழற்றினால் அதைத் துடைத்துப் பத்திரமாக வைத்த பிறகுதான் அடுத்ததைத் தொடுவார். நாற்பது வயதுக்கு மேல், சூப்பர்வைசர் ஆகப் பட்டம் வேண்டும் என்று கம்பெனியில் கறாராகச் சொல்லிவிட்டதால், மாலைக் கல்லூரியில் சேர்ந்திருந்தார்.

அந்தப் பருவத்தில் மின்சுற்று ஆய்வகப் பாடத்தில் அவருக்கு ‘டி’ வந்தது. செய்முறை அறிக்கையைத் தாமதமாகக் கொடுத்தார் என்று பாதி மதிப்பெண்ணை வெட்டிவிட்டார்கள். தாமதம் உண்மைதான். கொடுக்க வேண்டிய மாலையில் அவர் ஒரு கடைக் கட்டடத்தில், இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன லிஃப்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். உள்ளே தையல் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா மாட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் அறிக்கையும் கையுமாக ஓடி, வராந்தாவில் விரிவுரையாளரைப் பிடித்து நடந்ததைச் சொன்னார். அவரும் நடந்துகொண்டே, சரி, பார்த்துக்கொள்ளலாம் என்றார். பார்த்துக்கொண்ட லட்சணம்தான் இந்த ‘டி’.

நேரில் போய்க் கேட்டால், விரிவுரையாளருக்கு அப்படி ஒரு பேச்சு நடந்ததாகவே நினைவில்லை. எழுத்தில் கொடுங்கள், குழு பார்க்கும் என்று சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்குக் கிளம்பிவிட்டார்.

நிதானம் வீட்டுக்கு வந்து, பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார். அவர் மனைவிக்கு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. பணம் மறுக்கப்பட்டவர்கள் அனுப்பும் முறையீடுகளைப் படிக்கும் பிரிவு. பகலெல்லாம் அதைப் படித்துவிட்டு வந்தவரிடம் வீட்டிலும் ஒன்றை நீட்டினால் எப்படி இருக்கும்? காய் நறுக்கிக்கொண்டே படித்து முடித்தார்.

“மனசாட்சி, மனசாட்சின்னு பக்கத்துக்குப் பக்கம் வருது. காலேஜ் விதி என்ன சொல்லுதுன்னு ஒரு வரி இல்ல.”

“உள்ளதைத்தானே எழுதியிருக்கேன்.”

“உள்ளதுக்கு நடுவுல அவரைத் திட்டியிருக்கீங்க. திட்டையும் வாங்கிக்கிட்டு மார்க்கும் போடுவாங்களா?”

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மறுபடி எழுதினார். இந்தத் தடவை ஒரேயடியாகக் குழைந்துவிட்டார். ஏழைக் குடும்பம், கருணைக் கண், காலத்துக்கும் மறக்க மாட்டேன் என்றெல்லாம் இருந்தது. தப்பே செய்யாதவர் எதற்குக் காலில் விழ வேண்டும் என்று மனைவி அதையும் ஓரமாக வைத்தார்.

“உங்களுக்கு என்னதான் வேணும்?”

“நியாயம் வேணும்.”

“அது அவங்க கையில இல்லங்க. மார்க்தான் இருக்கு. மார்க்கைக் கேளுங்க.”

அன்று இரண்டு பேரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் மறுநாள் கல்லூரிக் கையேட்டைப் புரட்டி விதியைக் கண்டுபிடித்தது மனைவிதான். வேலையில் அவசரம் ஏற்பட்டால் தாமதத்துக்கு விலக்கு உண்டு. அதற்குச் சான்று வேண்டும்.

சான்றுக்கு நிதானம் மேனேஜரிடம் போனார். லிஃப்ட் அவ்வளவு நேரம் நின்றதை நாமே எழுதிக் கொடுத்தால், கட்டடக்காரர் அதையே நம் முகத்தில் நீட்ட மாட்டாரா என்று கேட்டு மேனேஜர் கையை விரித்துவிட்டார். வேலை செய்ததற்கே சாட்சி தேட வேண்டியிருக்கிறதே என்று நிதானத்துக்கு வெறுத்துப்போனது. வேறு வழியில்லாமல் அந்தத் தையல் கடைக்குப் போய், மார்க் போன கதையைச் சொல்லி, அன்றைக்கு நான் அங்கே இருந்தேன் என்று இரண்டு வரி எழுதித் தர முடியுமா என்று கேட்டார்.

அந்த அம்மா கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக் கழற்றி மேசையில் வைத்தார். “நான் ஏற்கெனவே எழுதிட்டேன் தம்பி. கட்டட ஓனர்கிட்ட புகார் கொடுத்திருக்கேன். உங்களைப் பத்தி நல்லதா எழுதலை. பரவாயில்லையா?”

நகலை வாங்கிப் படித்தவருக்குக் காது சூடாகிவிட்டது. வந்த மெக்கானிக் உடனே கதவைத் திறக்காமல் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார், இருட்டும்வரை பொறுங்கள் பொறுங்கள் என்பதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை, இவருக்குத் தொழில் தெரியுமா என்றே சந்தேகம் என்று இருந்தது. கீழே தேதியும், பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் இருந்தன.

மனைவிக்கு அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. இதைவிட நல்ல சான்று கிடைக்காது என்றார்.

“என்னைத் தொழில் தெரியாதவன்னு எழுதியிருக்கு. இதைப் போய்க் காலேஜ்ல கொடுக்கறதா?”

“புகழ்ந்திருந்தா, நீங்க சொல்லி எழுதினதுன்னு நினைப்பாங்க. உங்க மேல கடுப்புல இருக்கறவங்க சொன்னா நம்புவாங்க.”

கடைசிக் கடிதம் ஒரே பக்கத்தில் அடங்கியது. என்ன நடந்தது, எந்த விதி, என்ன சான்று, வெட்டிய மதிப்பெண்ணைத் திரும்பத் தர வேண்டும், அவ்வளவுதான். ஒரு வாக்கியத்துக்கு மட்டும் நிதானம் பிடிவாதம் பிடித்தார். லிஃப்ட் நகராது என்று உறுதிப்படுத்தாமல் கதவைத் திறந்தால் உள்ளே இருப்பவர் உயிருக்கே ஆபத்து என்ற வாக்கியம் அது. குழுவுக்கு அது தேவையில்லை என்று மனைவி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். எனக்குத் தேவை என்று சொல்லி அவர் கையெழுத்துப் போட்டார்.

கல்லூரி ஆற அமர யோசித்து, மதிப்பெண்ணைத் திருப்பித் தந்தது. ‘டி’ என்பது ‘பி’ ஆயிற்று. மன்னிப்பு, வருத்தம் என்று ஒரு சொல் கூட இல்லை. அதற்குள் கட்டடக்காரர் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டதால், மேனேஜர் நிதானத்திடம் எழுத்தில் விளக்கம் கேட்டார். பிடிவாதம் பிடித்து வைத்த அந்த வாக்கியத்தையே நிதானம் அங்கேயே நின்றபடி எழுதிக் கொடுத்தார். மேனேஜர் அதைப் படித்துக் கோப்பில் போட்டுக்கொண்டார். அடுத்த வாரம் அதே கட்டடத்துக்குப் பராமரிப்பு வேலைக்கு அனுப்பினார்.

லிஃப்ட் வாசலில் தையல் கடை அம்மா எதிர்ப்பட்டார். மார்க் வந்துவிட்டதா என்று விசாரித்தார். வந்துவிட்டது, லிஃப்டும் சரியாக இருக்கிறது, ஏறுங்கள் என்றார் நிதானம்.

“சந்தோஷம் தம்பி” என்று சொல்லிவிட்டு அந்த அம்மா படியேறிப் போனார்.