ஒரு டோக்கனுக்கு ஒரு ஆள்

நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டின் அலுவலகத்தில் நான் எழுத்தராக இருந்தேன். தொண்ணூறுகளின் கடைசியில், எங்கள் ஆள் பட்டியலைச் சேலம் தலைமை அலுவலகத்தின் புதிய டேட்டாபேஸுக்கு மாற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதற்காக அங்கிருந்து ஓர் இளம் இன்ஜினீயரை அனுப்பினார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தியெடுத்து வெளுத்துப் போய் வந்து இறங்கினார். எலுமிச்சம்பழச் சாறு கொடுத்தேன்.

என் மகள் அப்போது கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்து இரண்டு வருடமாக வேலையில்லாமல் இருந்தாள். அவர் கேட்காமலே அதைச் சொன்னேன்.

"எங்க ஆபீஸ்ல ஒரு ட்ரெய்னி வேணும் மேடம். இன்னைக்கே இந்த வேலை முடிஞ்சா, உங்க பொண்ணு பேரை நானே சொல்றேன்" என்றார்.

முதலில் இணைப்பை அமைக்க வேண்டும். தொலைபேசிக் கம்பியில் மோடத்தை மாட்டி அதன் வழியாகச் சேலத்து சர்வரைப் பிடிக்க வேண்டும். சர்வரின் பெயர், டேட்டாபேஸின் பெயர், பயனர் பெயர் என்று காகிதத்தைப் பார்த்து நான் படிக்க, அவர் தட்டினார். மழையில் லைன் இரண்டு முறை அறுந்தது. பாஸ்வேர்டை ஒவ்வோர் எழுத்தாக உரக்கப் படித்தேன்.

"மெதுவா மேடம். ஜன்னல்ல குரங்கு உக்காந்திருக்கு. கேட்டுட்டுப் போய் லாகின் பண்ணிடும்."

நானும் சிரித்தேன். மூன்றாவது முயற்சியில் இணைப்பு கிடைத்தது.

அடுத்து, ஒருவரை இன்னொருவரிடமிருந்து எதை வைத்துப் பிரித்து அறிவது என்று டேட்டாபேஸுக்குச் சொல்ல வேண்டும். ஆட்களுக்கு எஸ்டேட் கொடுக்கும் டோக்கனின் எண்ணை அவர் காட்டினார்.

"ஒரு டோக்கனுக்கு ஒரு ஆள்தானே மேடம்?"

அப்படியல்ல. எங்கள் எஸ்டேட்டில் தாய்க்கு முடியாமல் போனால் தன் பித்தளை டோக்கனை மகளிடம் கொடுத்துவிடுவாள். மகள் அதே எண்ணில் வேலைக்கு வருவாள். எஸ்டேட் கொடுத்த லைன் வீடு தாயின் பெயரில் இருப்பதால் பட்டியலிலிருந்து அவள் பெயரை யாரும் அடிப்பதில்லை. மேலே தாய், கீழே மகள், இருவருக்கும் ஒரே எண். அந்தப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றியவளே நான்தான்.

இதைச் சொன்னால் எல்லோருக்கும் புது எண் போட வேண்டும். ஒரு வாரமாவது ஆகும். மூன்று மணி பஸ்ஸுக்கு அவர் கிளம்ப வேண்டும்.

"ஆமாங்க" என்றேன்.

"அப்ப ரெண்டாவதா அதே நம்பர் வந்தா டைப்பிங் தப்புதான். தள்ளிடச் சொல்லிடறேன்."

திரையில் இருந்த ஒரு கட்டத்தில் டிக் செய்தார். பெயர்கள் சேலத்துக்குப் போகத் தொடங்கின. முடிந்தபோது, பத்தொன்பது வரிகள் தள்ளப்பட்டதாகத் திரையில் வந்தது.

"இத்தனை தப்பா? கண்ணாடி மாத்துங்க மேடம்."

"மாத்தணுங்க" என்றேன்.

அடுத்த மாதம் சேலத்திலிருந்து அச்சிட்ட பட்டியல் வந்தது. காலையில் ஆட்களை நிறுத்தி மேஸ்திரி அதைப் படித்தார். ஓர் எண்ணுக்கு, போன மழையில் இறந்துபோன கிழவியின் பெயரைப் படித்தார். அவள் மகள் கூடையோடு முன்னால் வந்தாள்.

"உன்னையக் கூப்புடல. உங்கம்மாளைக் கூப்புட்டேன். எந்திரிச்சு வரச் சொல்லு" என்றார் மேஸ்திரி.

வரிசை முழுவதும் சிரித்தது. பட்டியலில் இல்லாதவர்களுக்கு வேலையும் இல்லை, வீடும் இல்லை என்பது மேனேஜரின் உத்தரவு. பத்தொன்பது பேரில் மற்றவர்கள் அழுதுவிட்டுப் போனார்கள். இவள் மட்டும் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மழையில் அலுவலக ஜன்னலுக்கு வந்தாள்.

"ஏனுங்கம்மா, நான் இல்லீங்களா?"

"கம்ப்யூட்டர்ல இல்லையே கண்ணு."

"எங்கம்மா டோக்கன் குடுத்தன்னிக்கு நீங்கதானுங்களே என்ற கைரேகை வாங்குனீங்க? பேரு எழுதுனதைப் பாத்தனுங்க."

"எழுதினது பழைய புத்தகம். இப்ப மெஷின் சொல்றதுதான்."

"மெஷினுக்கு என்னையத் தெரியாதுங்க. உங்களுக்குத் தெரியுமல்லோ?"

அந்தப் பதிவேடு என் முதுகுக்குப் பின்னால் பீரோவில் இருந்தது. எழுந்து எடுத்து மேனேஜர் மேசையில் வைத்திருந்தால் போதும். ஆனால் என் மகளின் வேலை உத்தரவு அன்றுவரை வரவில்லை. "நொம்ப நேரம் நிக்காத, குழந்தை நனையுது" என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினேன். குழந்தைக்காகச் சாத்தியதாகத்தான் அப்போது எனக்கும் தோன்றியது.

இரண்டு நாளில் அவள் லைன் வீட்டைக் காலி செய்தாள். வாழவந்திப் பக்கம் போனதாகச் சொன்னார்கள். என் மகளுக்கு அடுத்த வாரம் வேலை உத்தரவு வந்தது.

சில மாதங்கள் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. அந்தக் கிழவியின் எண்ணில் யாரும் வேலைக்கு வருவதில்லையே என்று கேட்டு அனுப்பியது என் மகள். அவளுக்கு எதுவும் தெரியாது. இறந்துவிட்டார் என்று எழுதினேன். அதற்குக் கீழே இன்னொரு கேள்வி இருந்தது: இந்த டோக்கனைப் பெற உரியவர் யாராவது உண்டா? உண்டு என்று எழுதினால் அவளைத் தேடிக் கூட்டிவருவார்கள். ஏன் விடுபட்டாள் என்றும் கேட்பார்கள். அதைக் கேட்கும் அறையில் என் மகளும் உட்கார்ந்திருப்பாள்.

இல்லை என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டு மதியத் தபாலில் சேர்த்தேன்.