கம்ப்யூட்டரில் கட்டிய பிராது

மஞ்சக்குப்பத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் என்றால் கொளஞ்சிதான். பத்து வருஷம் சிதம்பரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் குப்பை கொட்டிவிட்டு, அது மூடியதும் கடலூருக்கு வந்து ஒற்றை ஷட்டர் கடை போட்டவர். வாய் கொஞ்சம் நீளம். "வைரஸ் வந்துடுச்சு சார்" என்று யாராவது வந்து நின்றால், "காய்ச்சலா, வயித்துப்போக்கா?" என்று கேட்பார். சாமி, பேய் இரண்டுமே அவருக்கு ஆகாது. பெயர்தான் சாமி பெயர். விருத்தாசலம் பக்கத்துக் கொளஞ்சியப்பர் கோவிலில் அவருடைய அம்மா பிராது கட்டிப் பெற்ற பிள்ளை அவர். மனக்குறையை மனுவாக எழுதிக் கோவிலில் கட்டிவிட்டு வருவது அங்கே வழக்கம். குறை தீர்ந்தால் மறுபடி போய்ப் பிராதை வாபஸ் வாங்கிவிட வேண்டும்.

அந்த வழக்கத்தை அவர் கிண்டலாகக் கடைக்குக் கொண்டுவந்தார். என்ன குறை என்று சொந்தக்காரரே கைப்பட எழுதி, அந்தச் சீட்டை மெஷினில் நூலால் கட்ட வேண்டும். "பிராது இல்லாம ஸ்க்ரூ டிரைவரைத் தொட மாட்டேன்" என்பார். பிறகு யாரும் வந்து, நான் அப்படிச் சொல்லவே இல்லையே என்று மல்லுக்கு நிற்க முடியாது பாருங்கள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எந்தப் பழைய மெஷின் வந்தாலும், மதர்போர்டில் இருக்கிற சின்ன வட்டச் செல்லைக் கழற்றிவிட்டுப் புதுசு போட்டுத் தருவார். கேட்காமலே செய்வார், இலவசம். கரண்ட் இல்லாதபோதும் மெஷின் மணியை மறக்காமல் இருப்பது அந்தச் செல்லால்தான். இந்தத் தாராள மனசைப் பற்றி அவருக்கே உள்ளூர ஒரு பெருமை.

ஆனி மாசம் ஒரு நாள் தேவனாம்பட்டினத்திலிருந்து ஆட்டோவில் ஒரு மெஷின் வந்தது. தூக்கி வந்தது சுவாதி. சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கிக் கட்டட வரைகலை படிக்கிற பெண். கூடவே அவள் அம்மா அமிர்தம். கணவர் போன பிறகு மீன் விற்று இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். மூத்தவன் இளவரசு இப்போது இல்லை. சிதம்பரத்தில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் போட்டுக்கொண்டிருந்தவன், இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் பைக்கில் வீடு திரும்பும்போது புதுச்சத்திரம் பக்கத்தில் லாரியில் அடிபட்டுப் போய்விட்டான். கேம் விளையாட அவன் பார்த்துப் பார்த்துச் சேர்த்த மெஷின் இது.

"என் டிராயிங் எல்லாம் இதுல ஓடவே மாட்டேங்குதுண்ணா. ரேமை ஏத்தி, நல்ல கிராபிக்ஸ் கார்டா போட்டுக் குடுங்க" என்றாள் சுவாதி. அதையே சீட்டில் எழுதிக் கட்டினாள். போகும்போது அமிர்தம் கேபினெட் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

அன்று சாயங்காலம் மெஷினை மேசையில் வைத்துப் பிளக்கைச் சொருகினார் கொளஞ்சி. தொடங்குவதற்கு முன் ஒரு டீ குடிக்கலாம் என்று வாசலுக்கு வந்தார். கடையில் வேறு யாருமில்லை. முதுகுக்குப் பின்னால் பட்டென்று ஒரு சத்தம். திரும்பினால், மெஷின் தானாக உயிர் பெற்று ஓடிக்கொண்டிருந்தது. ஃபேன் உறுமியது, சிவப்பு விளக்கு எரிந்தது. கையிலிருந்த டீ சட்டையில் கொட்டிவிட்டது. சுவர்க் கடிகாரத்தில் மணி ஏழு இருபத்திரண்டு.

மனுஷன் பயந்துதான் போனார். ஆனால் பயத்தை வைத்துப் பிழைப்பு நடத்த முடியாதே. உட்கார்ந்து மெஷினின் உள் செட்டிங்கைத் திறந்து பார்த்தார், விஷயம் விளங்கிவிட்டது. தினமும் ஆறரை மணிக்குத் தானாக ஆன் ஆகும்படி அலாரம் வைத்திருந்தான் இளவரசு. முழுசாக எழுந்திருக்க அந்தக் கிழட்டு மெஷினுக்குப் பத்து நிமிஷம் ஆகும். சிதம்பரத்திலிருந்து ஆறரைக்கு வீட்டுக்கு வந்து, கை கால் கழுவிவிட்டு உட்கார்ந்தால் கேம் தயாராக இருக்கும். செல் பலம் குறைந்ததால் மெஷினின் கடிகாரம் நாளுக்கு நாள் பின்தங்கிக்கொண்டே வந்து, இப்போது ஐம்பத்திரண்டு நிமிஷம் பின்னால் நிற்கிறது. இவ்வளவுதான். "ங்கொய்யால, இதுக்கா பயந்தேன்?" என்று சத்தமாகச் சிரித்தார். சிரிப்பு வெறும் கடையில் கொஞ்சம் ஜாஸ்தியாகவே கேட்டது.

மறுநாள் வேலையை முடித்தார். தூசியை ஊதித் தள்ளினார். ரேமைப் பிடுங்கிப் புதுசாக இரண்டு போட்டார். ஃபேன் தேய்ந்த பழைய கிராபிக்ஸ் கார்டை எடுத்துவிட்டு, சென்னையிலிருந்து வரவழைத்த கார்டைப் பொருத்தினார். வழக்கம்போல் செல்லையும் மாற்றினார். அதைக் கழற்றியதும் மதர்போர்டு அலாரத்தை மறந்துவிட்டது. திரும்ப வைக்கலாமா என்று ஒரு நொடி யோசித்தார். இப்போது இரண்டே நிமிஷத்தில் எழுந்துவிடுகிறதே, செத்தவனுடைய அலாரம் யாருக்கு வேண்டும் என்று விட்டுவிட்டார். அவர் எடுத்த முடிவுகளிலேயே சுலபமான முடிவு அது.

அன்றே சுவாதி வந்து மெஷினை வாங்கிப் போனாள். நான்கு நாள் கழித்து அமிர்தம் தனியாக வந்தார். தலையில் கூடை இல்லை, வியாபாரத்துக்குப் போகவில்லை என்று தெரிந்தது. ஒரு சீட்டை மேசையில் வைத்தார். ஐந்தாவது வரை படித்தவரின் எழுத்து, ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது.

"என் பிள்ளை வரவில்லை."

கொளஞ்சிக்குச் சட்டென்று ஒன்றும் புரியவில்லை. "யாருக்கா?"

"இளவரசுதான் தம்பி. தெனம் வந்துடுவான். அந்தப் பொட்டி தானா எழுந்துக்கும். பின்னாடி பக்கெட்ல தண்ணி ரொப்பி வச்சுட்டு உக்காந்திருப்பேன். கார்யம் முடிஞ்ச மறுநா ஆறரைக்கு வந்தான். அப்பொறம் ஆறே முக்கால் ஆச்சு, ஏழு ஆச்சு. போன வாரம் ஏழு இருவதுக்கு மேல."

"அக்கா, அது வந்து..."

"சொல்லி முடிச்சுக்கறேன் தம்பி. அவன் சிதம்பரத்துலேருந்து கெளம்பி வந்துகிட்டேதான் இருக்கான். ரோடுதான் நீண்டுகிட்டே போவுது. வூட்டாண்ட வந்து சேர முடியல அவனால. லேட்டானாலும் வர்றானேன்னு இருந்தேன். இப்ப நாலு நாளா அதுவும் இல்ல. நீ இன்னா பண்ணுன?"

செல், அலாரம், கடிகாரம், எல்லாம் கொளஞ்சியின் நாக்கு நுனி வரை வந்தது. ஊரில் அத்தனை பேரிடமும் வாயடித்தவருக்கு அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வாய் எழவில்லை. "நாந்தான் ஒரு சின்ன தப்பு பண்ணிட்டேன்க்கா. சாயங்காலம் வூட்டுக்கு வந்து சரி பண்ணித் தரேன்" என்றார்.

தேவனாம்பட்டினத்து வீட்டில் மெஷின் முன்னால் உட்கார்ந்ததும் அமிர்தம் அந்தச் சீட்டை நூலால் கேபினெட்டில் கட்டினார். கடையின் சட்டம் அதுதானே. கொளஞ்சி மணியைச் சரி பார்த்தார். அலாரத்தை எத்தனை மணிக்கு வைப்பது? ஏழு இருபதுக்கு மேல் வைத்தால் பழகின நேரம். அந்த அம்மாவும் ஒன்றும் கேட்கமாட்டார். ஆனாலும் கை ஆறரை என்றே அடித்தது. பையன் வைத்த நேரம் அதுதான். தினமும் என்று போட்டுவிட்டு மெஷினை அணைத்தார்.

ஆறு இருபத்தொன்பது. கடல் சத்தம் கேட்டது. அமிர்தம் மெஷினைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறரைக்குப் பட்டென்று மெஷின் எழுந்தது. புது கார்டு என்பதால் ஃபேன் சத்தமே இல்லை. அந்த அமைதியில் பின்பக்கம் பக்கெட்டிலிருந்து யாரோ தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் தெளிவாகக் கேட்டது. ஒரு சொம்பு, கொஞ்சம் இடைவெளி, இன்னொரு சொம்பு. சுவாதி கால் கழுவுகிறாள் போல என்று கொளஞ்சி நினைத்துக்கொண்டார்.

"வந்துட்டான்" என்றார் அமிர்தம். பிறகு முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். அடக்கத்தின்போதுகூட அவர் அழவில்லை என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொள்வார்கள். கொளஞ்சி சத்தமில்லாமல் எழுந்து வெளியே வந்துவிட்டார். உண்மையை மறைத்து நல்லது செய்துவிட்டோம் என்று பைக்கில் போகும்போது மனசு லேசாக இருந்தது.

சனிக்கிழமை அவராகவே போனார். அந்த அம்மா எப்படி இருக்கிறார் என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. வாசலில் சுவாதி தோளில் பையோடு அப்போதுதான் ஆட்டோவை விட்டு இறங்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணா. அம்மா போன்ல சொன்னாங்க. நீங்க வந்துட்டுப் போன மறுநாள்லேருந்து அது தானா ஆன் ஆகவே இல்லியாம்."

"அன்னிக்கு நீயும்தானேம்மா இருந்த? பின்னாடி கால் கழுவிகிட்டு இருந்தியே."

"நானா? கடையிலேருந்து மெஷினை வாங்கியாந்து வச்சுட்டு அன்னிக்கே ஹாஸ்டலுக்குப் போனவ, இப்பத்தான் வர்றேன்."

கொளஞ்சி செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய் மெஷினைத் திறந்து பார்த்தார். மணி நொடி பிசகாமல் இருந்தது. அலாரம் ஆறரை, தினமும். செல்லில் முழு மூன்று வோல்ட். மூன்று பேரும் ஆறரை வரை காத்திருந்தார்கள். ஆறு முப்பத்தொன்று ஆயிற்று. மெஷின் அசையவில்லை. பின்பக்கக் கதவு திறந்திருந்தது. அங்கே பக்கெட்டைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

"எல்லாம் சரியாத்தான்க்கா இருக்கு. ஏன் எழுந்துக்கலன்னு எனக்குப் புரியல. போர்டை மாத்திப் பாக்கவா?" குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது.

"வுடு தம்பி" என்றார் அமிர்தம். அவர் முகம் தெளிவாக இருந்தது. "அன்னிக்குத்தான் வூடு வந்து சேந்துட்டானே. மறுபடி இன்னாத்துக்கு வரணும்?"

கேபினெட்டில் கட்டியிருந்த சீட்டின் முடிச்சைத் தானே அவிழ்க்கப் பார்த்தார், வரவில்லை. கொளஞ்சியைப் பார்த்தார்.

"பிராதை வாபஸ் வாங்கிக்கறேன். நீயே அவுத்துக் குடு."

கொளஞ்சி செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து, இரண்டு கையாலும் அவிழ்த்துக் கொடுத்தார்.