முப்பத்தொன்பதாம் நம்பர்

மார்பு ஆபரேஷன் தியேட்டரில் பத்தொன்பது வருஷமாக மயக்க மருந்து டெக்னீஷியனாக இருந்தவளுக்கு 'மிளகா அக்கா' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்; நாளாவட்டத்தில் மூஞ்சிக்கு நேராகவே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். கோபம் அவளுக்கு மூக்கு நுனியில் இருக்கும். ஆனால் அன்று வந்த கோபம் வேறு. அதில் பாதி தன் மேலேயே.

மேஜையில் படுத்திருந்தவள் பஸ் ஸ்டாண்டு மைக்கில் அறிவிப்புச் சொல்கிற பெண். குள்ளம், பூஞ்சை உடம்பு. நுரையீரலில் கட்டி. ஒரு பக்க நுரையீரலைச் சுருக்கி வைத்துவிட்டு மறுபக்கத்தால் மட்டும் மூச்சுவிட வைக்க, இரட்டைக் குழல் டியூபைத் தொண்டை வழியாக இறக்க வேண்டும். சாதாரண டியூபைவிடத் தடிமன், விறைப்பு. நம்பர் ஏற ஏறத் தடிமனும் ஏறும்.

"முப்பத்தொம்பது குடு," என்றார் மயக்க மருந்துப் பெரிய டாக்டர்.

"சார், இந்தம்மாவுக்கு முப்பத்தஞ்சே தாராளம். வெதுவெதுப்பான சலைன்ல கொஞ்சம் ஊற வெச்சுத் தரேன், இளகிடும். உள்ள பாத்துப் போட, பீரோவுல இருக்கற கேமரா ஸ்கோப்பையும்..."

"முப்பது வருஷமா கேமரா இல்லாமத்தான் போடறேன். கேட்டதக் குடும்மா."

கொடுத்துவிட்டாள்.

இரண்டு தடவை போகவில்லை. மூன்றாவது தடவை, விறைப்புக்காக டியூபுக்குள் இருந்த கம்பியை, குரல்வளையைத் தாண்டியதும் உருவ வேண்டியதை, உருவாமலே திருகித் தள்ளினார். ஆபரேஷன் முடிந்து எடுத்தபோது டியூபின் நுனியில் ரத்தம். "குப்பையில போடு," என்றவர், கேஸ் ஷீட்டில் 'சிரமமின்றிப் போடப்பட்டது' என்று எழுதினார்.

மறுநாள் வார்டுக்குப் போனாள். அந்தப் பெண் வாயைத் திறந்தாள், காற்றுத்தான் வந்தது. டியூட்டி டாக்டர் தோளைக் குலுக்கினார்: "டியூப் போட்டா தொண்டை கரகரக்கத்தான் செய்யும்."

"கரகரன்னாவது சத்தம் வரணும்ல சார்? எங்க வருது?"

வீட்டில் அவள் பாத்திரம் தேய்த்த வேகத்தைப் பார்த்துப் புருஷன் பயந்துபோனான். "யாரு மேல இந்தக் கோபம்?"

"என் கை மேல. அந்தக் கைதானே எடுத்துக் குடுத்துச்சு!"

சர்ஜனிடம் போனாள். "எனக்கு நுரையீரலோட சரி. தொண்டை அவங்க பாடு," என்றார். ஸ்டோர் பொறுப்பாளர், பெரிய டாக்டர் கையெழுத்து இல்லாமல் கேமரா பீரோவின் சாவி தர முடியாது என்று கையை விரித்தார்.

ஒரு மாசம் கழித்து அந்தப் பெண் செக்கப்புக்கு வந்தாள். காது மூக்கு தொண்டை டாக்டர் பார்த்துவிட்டு, குரல்வளை மூட்டு ஒன்று பிசகியிருப்பதாகச் சொன்னாராம். பஸ் ஸ்டாண்டில் அவளைத் தொலைந்த சாமான்கள் அறைக்கு மாற்றிவிட்டார்கள். அதையும் ஒரு சீட்டில் எழுதித்தான் காட்டினாள். மிளகா அக்கா அவள் கையைப் பிடித்து நேரே பெரிய டாக்டர் அறைக்குள் கூட்டிப் போனாள்.

"சொல்லும்மா. சார் கேக்கட்டும்."

அந்தப் பெண் ஏதோ சொன்னாள். "என்ன?" என்றார் டாக்டர். மறுபடியும் சொன்னாள். "என்னம்மா?" மேஜைமேல் குனிந்து காதைக் கொடுத்த பிறகுதான் விளங்கியது: "என் குரல் எப்ப சார் வரும்?"

அவர் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. காகிதத்தை இழுத்து, கேமரா பீரோவின் சாவிக்குக் கையெழுத்துப் போட்டு, மிளகா அக்காவை நிமிர்ந்தும் பாராமல் அதை அவள் பக்கம் தள்ளினார்.

அடுத்த ஏழு மார்பு ஆபரேஷன்களில் சரியான நம்பர், இளகிய டியூப், கேமரா. எல்லாம் முதல் தடவையிலேயே போயின. ஏழு பேரும் மறுநாள் பேசினார்கள்.

எட்டாவதுக்கு முன்னால் அவளைக் கண் ஆபரேஷன் தியேட்டருக்கு மாற்றி உத்தரவு வந்தது.

"அங்க பெரும்பாலும் டியூபே கிடையாதுக்கா. நிம்மதியா இருக்கலாம்," என்றாள் அவள் இடத்துக்குப் புதிதாக வந்த டெக்னீஷியன்.

"நிம்மதியாம், நிம்மதி!" என்று சீறினாள் மிளகா அக்கா. "சலைன் சூடு ஆறிடப் போவுது. முதல்ல டியூபை எடுத்து அதுல போடு."