தன் தலைக்குத் தானே ஊற்றாத சனம்

பலசரக்குக் கடையில் யாரோ சீயாக்காய்ப் பொதியொன்றைத் தவறவிட்டு உடைத்துவிட்டார்கள். தூள் மூக்கில் ஏறியதும் எனக்குத் தும்மல் வரவில்லை; யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறை நினைவுக்கு வந்தது. நினைவு கேட்டுக்கொண்டா வருகிறது?

எழுபத்தேழுக் கலவரத்தில் கொழும்பிலிருந்து கப்பலேறி வந்த நாங்கள், கடலேரிக்குப் பக்கத்துக் காணியொன்றில் கொட்டில் போட்டுக் குடியேறினோம். ஊருக்கு நாங்கள் ‘கப்பல் சனம்’. எல்லாருக்கும் ஒரே துலாக்கிணறு. கொழும்புக் குழாயடிகளில் முண்டிப் பழகிய கைகள் அல்லவா, முதல் கிழமையே வாளிக்காக அடித்துக்கொண்டோம். குளித்த தண்ணீர் கிணற்றுக்குள்ளேயே வழிந்தது. எங்களோடு வந்த மலரக்காதான் துலாக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“இனி ஒருத்தரும் தன்ரை தலைக்குத் தான் ஊத்தக்கூடாது. மற்றவைக்குத்தான் ஊத்தலாம்.”

சிரித்தோம். ஆனால் விதி நின்றது. ஒருவர் கிணற்றுக்குத் தள்ளியிருந்த கல்லில் குந்த, மற்றவர் அள்ளி ஊற்றுவார். முதுகில் சொறியோ, உடம்பில் காய்ச்சலோ, ஊற்றுகிறவர் கண்ணுக்குத் தப்பாது. பக்கத்துக் கொட்டிலிலிருந்து கொத்தமல்லித் தண்ணீர் வந்துவிடும். அந்த மாரியில் வயிற்றோட்டம் எங்கள் காணியை எட்டிப் பார்க்கவில்லை. எங்களைப் பார்த்து இரங்க வந்தவர்கள், எப்படியென்று விசாரித்துக்கொண்டு போனார்கள். இதைச் சொல்லும்போது நெஞ்சு சற்று நிமிர்கிறது, நிமிரட்டும்.

மலரக்காவின் கணவர் கனகண்ணை மட்டும் வெளியே வரவில்லை. தன் தேத்தண்ணிக்கடை எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்ற மனிதர். தென்னோலைக் கிடுகுச் சுவரைப் பார்த்தபடி கிடந்தார். சோறு இறங்கவில்லை, பேச்சும் இல்லை. ஆறுதல் சொல்லி எங்களுக்கு நா வறண்டதுதான் மிச்சம்.

“அந்தாள் இப்பிடியே செத்துப்போயிடும், தம்பி,” என்றார் மலரக்கா.

ஒரு சனிக்கிழமை, தலை நிறைய எண்ணெயும் சீயாக்காயுமாக நான் கல்லில் குந்தியிருக்கிறேன். ஊற்ற வேண்டிய மலரக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தங்கள் கொட்டிலைப் பார்த்துக் கத்தினார்.

“இஞ்சேருங்கோ! பொடியன் கண்ணெரிஞ்சு நிக்கிறான். இண்டைக்கு உங்கடை முறை. வந்து ஊத்துங்கோ!”

கொட்டிலில் அசைவில்லை. சீயாக்காய் கண்ணுக்குள் இறங்கியது. சுற்றி நின்றவர்களைக் கெஞ்சினேன். எல்லோரும் அக்காவின் பக்கம்.

“கந்தோர்க் கிளாக்கர் சீயாக்காய்க்கு அழுறார், பாருங்கோவன்!” என்று அலுவலக எழுத்தனான என்னைக் காட்டி ஒருத்தி சிரித்தாள்.

“கனகண்ணை, கண் போகப்போகுது!” என்று கத்தினேன். சத்தியமாக நடிப்பில்லை.

பாய் சரசரத்தது. பிறகு துலா முனகியது. குளிர்ந்த தண்ணீர் உச்சியில் விழுந்தது. அதன் பின்னால், பூட்டிக் கிடந்த குரல்:

“கண்ணை மூடடா, மடையா. வடிவாய்க் குனி.”

மூடிய கண்ணுக்கு வெளியே மலரக்கா விம்முவது கேட்டது. அடுத்த சனிக்கிழமை கனகண்ணையின் தலைக்கு ஊற்ற நாங்கள் சண்டை பிடித்தோம்.

அந்தக் காணி இன்று துண்டு துண்டாகி, மதில்கள் எழுந்துவிட்டன. வீட்டுக்கு வீடு குளியலறை, உள்ளே தாழ்ப்பாள். எங்கள் சனத்தில் பாதி கடல் கடந்துவிட்டது. தொலைபேசியில், “எப்பிடிச் சுகம்?” என்கிறார்கள். “ஓம், சுகம்,” என்கிறேன். நம்பிவிடுகிறார்கள். முதுகைப் பார்க்க ஆளில்லை.