எஃப்.சி. வாங்கிய பிரேக்

பள்ளிப் பிள்ளைகளை மேற்கு மாம்பலத்தில் ஏற்றி அடையாறில் இறக்குகிற வேனை ஓட்டிக்கொண்டிருந்தேன். ராத்திரி அதே வேனின் பின் சீட்டில் படுக்கை. எட்டாவதோடு நின்றுவிட்டு லாரி கிளீனராக ஊர் ஊராகச் சுற்றியவனுக்கு அது நல்ல இடம்தான்.

பள்ளி திறப்பதற்குச் சில நாள் முன்பு வேனை ஆர்.டி.ஓ. மைதானத்துக்கு எஃப்.சி.க்கு, அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றிதழுக்கு, கொண்டுபோனேன். அதிகாரி ஏறி, கொஞ்சம் விரட்டி, பிரேக்கை மிதித்தார். வேன் இடது பக்கம் மூக்கைத் திருப்பிக்கொண்டு நின்றது. "இழுக்குது. சரி பண்ணிட்டு வா" என்று இறங்கிப் போய்விட்டார். நியாயமான பேச்சு.

ஓனர் தி.நகரில் தனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் அனுப்பினார். முன் சக்கரங்களைக் கழற்றினால், வலது டிரம்முக்குள் சிலிண்டரிலிருந்து பிரேக் ஆயில் கசிந்து, டிரம்மை உரசி நிறுத்துகிற லைனிங் ஊறிப்போயிருந்தது. அந்தப் பக்கம் பிடிக்கவே இல்லை. இடது மட்டும் பிடித்து வண்டியைத் திருப்பியிருக்கிறது. சிலிண்டரையும் லைனிங்கையும் மாற்றுவார் என்று நின்றேன். அவரோ ஆயிலைத் துணியால் துடைத்துவிட்டு, இடது சக்கரத்துக்குப் போய் அட்ஜஸ்டரைத் தளர்த்தினார்.

"அண்ணே, அது நல்லாத்தானே கீது?"

"அதான் நைனா பிரச்சனையே. ஒரு காலு நல்லா கீது, ஒரு காலு நொண்டி. ரெண்டையும் நொண்டியாக்கிட்டா நேரா போவும்."

"நிக்குமா?"

"நேரா போவுதான்னுதான் பாப்பாங்க. உங்க ஓனர் சொன்னது அவ்ளோதான். மீதிய அவராண்ட கேளு."

எஃப்.சி.க்காக ஸ்டெப்னி டயரை இரவல் வாங்கிக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல பிரேக்கைக் கெடுத்து எஃப்.சி. வாங்குவதை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் வேன் பாஸாகிவிட்டது. திரும்பி வரும்போது கோட்டூர்புரம் பாலத்து இறக்கத்தில் மிதித்தேன். பெடல் முக்கால்வாசி இறங்கியது. வேன் துளிகூடத் திரும்பாமல் நேராகப் போய்க்கொண்டே இருந்து, முன்னால் நின்ற பஸ்ஸுக்கு ஒரு சாண் விட்டு நின்றது. அதுவும் காலி வேன். இதில் பிள்ளைகளும் பைகளும் ஏறினால் என்ன ஆகும்?

நேராக ஓனர் வீட்டுக்குப் போனேன். கேட்டுக்குள் அவருடைய புதுக் கார் நின்றது.

"சார், பிரேக் பிடிக்கல."

"அதான் பாஸாயிடுச்சே. மெதுவா ஓட்டு."

"உங்க பேரனை இதுல அனுப்புவீங்களா?"

"அவன் எதுக்கு வேன்ல போகணும்? அவனுக்குத்தான் கார் இருக்கே."

கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல் சொன்னார். அடிக்கக் கை வந்தது. அடித்தால் அவர் ஆஸ்பத்திரிக்குப் போவார், நான் ஸ்டேஷனுக்குப் போவேன், வேன் பள்ளிக்கூடத்துக்குப் போகும். அதனால் வேனை அவர் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்தி, ஜாக்கி போட்டு, கல்லை முட்டுக் கொடுத்து, முன் சக்கரம் இரண்டையும் கழற்றினேன். டிரம்களையும் கழற்றிப்போட்டுவிட்டு ஒரு சக்கரத்தின் மேல் உட்கார்ந்தேன்.

"யோவ், பைத்தியமா உனக்கு? போலீஸைக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடுங்க சார். அவங்களும் வந்து புள்ளைங்க வண்டி பிரேக்கைப் பாக்கட்டும்."

சந்து அடைத்துக்கொண்டது. பின்னால் மாட்டிக்கொண்ட தள்ளுவண்டிக்காரர் ஓனரைப் பார்த்துக் கத்தினார்: "யோவ் பெரிசு, என் தக்காளி ரசமாயிடும் போல கீது! புள்ளைங்க வண்டிக்கு ஒரு பிரேக்கு வாங்கிக் குட்த்தா இன்னா?"

மாடிகளில் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களில் இரண்டு பேரின் பிள்ளைகள் எங்கள் வேனில் வருகிறவர்கள். ஒருத்தி அங்கிருந்தே, "பிரேக் இல்லியா? சார், என்ன சார் இது?" என்றாள். எனக்கு மசியாதவர் அவளுக்கு மசிந்தார். போனை எடுத்தார்.

சிலிண்டரும் லைனிங்குமாக அதே மெக்கானிக் ஸ்கூட்டரில் வந்தார். "ஓனர் மாத்தி சொன்னாரு, நானும் மாத்தறேன்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு பக்கமும் புதிதாக மாட்டி, நான் பெடலை மிதிக்க, அவர் பிரேக் லைனில் இருந்த காற்றை எடுத்தார். சந்து முனைவரை ஓட்டிப்போய் ஓங்கி மிதித்தேன். நச்சென்று நின்றது, நேராக.

"சாவியைக் குடு. உன் துணிமணியை எடுத்துக்கிட்டுப் போ" என்றார் ஓனர்.

கொடுத்தேன். பின் சீட்டிலிருந்த பாயைச் சுருட்டிக்கொண்டு நடக்கும்போது, அவர் அதற்குள் வரவழைத்திருந்த புது டிரைவர் எதிரில் வந்தான்.

"இன்னா மச்சி, எதுனா பிரச்சனையா வண்டில?"

"ஒண்ணும் இல்ல. லைனிங் புதுசு. ரெண்டு நாளைக்கு லேசா மிதி, படியட்டும்" என்றேன்.