இடது இறக்கையில் ஏழு துளைகள்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் அப்பாவோடு வேலை பார்த்தவர்களுக்கும் வணக்கம். அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு முடிகிறது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான் என்பதால் எழுதும் வேலையை அம்மா என்னிடம் கொடுத்தார். "உள்ளத எழுது நைனா" என்று மட்டும் சொன்னார்.

அப்பா கோவளத்தில் கடலுக்குப் போகும் குடும்பத்தில் பிறந்தவர். படகில் ஏறினாலே வாந்தி எடுப்பாராம். அதனால் பன்னிரண்டு வயதில் தாம்பரத்தில், பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறையில் கொண்டுவந்து விட்டார்கள். தகடு வெட்டுவது, துளை போடுவது, ரிவிட் அடிப்பது என்று முப்பது வருடத்துக்கு மேல் அதே வேலை. அந்தச் சத்தத்தில் ஒரு காது மந்தமாகிவிட்டது. அந்த உழைப்பில்தான் அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது, நான் டிப்ளமோ முடித்தேன்.

பட்டறையை மூடிய பிறகு மாடம்பாக்கத்திலிருந்து ஒருவர் அப்பாவைத் தேடி வந்தார். ஓய்வுபெற்ற பொறியாளர். வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு, இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்றைச் சொந்தமாகக் கட்டிக்கொண்டிருந்தார். ரிவிட் அடிக்கக் கை தேர்ந்த ஆள் வேண்டும் என்றார். அவரை நாங்கள் சார் என்றுதான் சொல்வோம்.

பெரியப்பா இதைக் கேட்டுவிட்டு, "படகுல குந்த சொல்லவே வாந்தி எடுத்தவன், இப்ப ஏரோப்ளேன் கட்றானாம்பா" என்று சிரித்தார்.

"கட்டத்தானே போறேன், குந்தவா போறேன்?" என்றார் அப்பா.

இனி எழுதப்போவது அப்பா செய்த ஒரு தவறைப் பற்றி. நினைவு மலரில் இது எதற்கு என்று சிலர் வருத்தப்படலாம். உடம்பு முடியாத மனிதரை சார் கசக்கி வேலை வாங்கிவிட்டார் என்று சாவு வீட்டிலேயே பேச்சு எழுந்தது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

பஸ் வேலையில் துளை இடம் தவறிப் போனால் பக்கத்திலேயே இன்னொன்று போடுவார்கள். தவறிய துளையில் பட்டி வைத்து அடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, மேலே பெயிண்ட் அடித்துவிடுவார்கள். அங்கே அது குற்றமில்லை. அதைத் தடம் தெரியாமல் செய்பவரைத்தான் நல்ல வேலைக்காரர் என்பார்கள். அப்பா அதில் பெயர் எடுத்தவர். விமானத்தின் இடது இறக்கைக்குள் முதுகெலும்பு போல ஓடும் நீளச் சட்டத்திலும் அதையே செய்திருந்தார். பிறகு மேல் தகடு போட்டு மூடியாகிவிட்டது.

சில மாதங்கள் கழித்து சார் ஒரு துண்டுத் தகட்டில் அடுத்தடுத்து இரண்டு துளை போட்டு, முன்னும் பின்னும் வளைத்துக் காட்டினாராம். ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு விரிசல் ஓடி, தகடு இரண்டாகப் போயிற்று. அன்று அப்பா மத்தியானச் சோற்றைத் தொடாமல் வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்தார். மறுநாள் காலை, "எனக்கு வாய் வராது, நீயும் கூட வா" என்று என்னை அழைத்துப் போனார். ஆனால் அங்கே அவரேதான் பேசினார்.

"சார், மூடுன றெக்கைல ஏழு எடத்துல ஓட்ட தப்பா பூட்ச்சு. பஸ்ஸுக்குப் பண்றா மாரியே பட்டி வெச்சி அடைச்சிட்டேன். தெரியாம பண்ட்டேன் சார்."

சார் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "மேஸ்திரி, பக்கத்து சீட்ல என் பொண்ணு உட்காரப் போறா" என்றார். திட்டவில்லை. எழுந்து போய் இறக்கையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இடம் தெரிஞ்சா ஒவ்வொண்ணுக்கும் ஒட்டுத் தகடு வெச்சு சரி பண்ணலாம். பிரிப்போம்" என்றார்.

அதே மாதம், அப்பாவின் இருமலுக்குக் காட்டப்போன இடத்தில் நுரையீரலில் புற்றுநோய் என்றார்கள். வேலைக்கு வரவேண்டாம் என்று சார் இரண்டு தடவை வீட்டுக்கே வந்து சொன்னார். துளைகளின் இடம் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று அப்பா போனார். அடித்த ரிவிட்டை எடுப்பது அடிப்பதைவிடக் கஷ்டம். தலையை மட்டும் டிரில் போட்டு எடுத்து, மீதியைத் தட்டி வெளியே தள்ள வேண்டும். கை ஆடினால் துளை பெரிதாகிவிடும். பத்து எடுத்ததும் உட்கார்ந்து மூச்சு வாங்குவார். இப்படியே ஆறு துளைகள் கிடைத்தன. ஏழாவது கிடைக்கவில்லை. சுரண்டிப் பார்த்தும் தெரியவில்லை.

"ஆறுதான் இருந்திருக்குமோ மேஸ்திரி?"

"நான் பண்ண தப்ப நான் எண்ண மாட்டனா சார்?"

கடைசி வாரம் ஆஸ்பத்திரியில், யார் பார்க்க வந்தாலும் "ஏழாவது கெட்ச்சிதா?" என்றே கேட்டார். தாங்க முடியாமல் ஒருநாள் நான், "கெடைச்சிடுச்சுப்பா" என்றேன்.

அப்பாவின் முகம் தெளிந்தது. "எங்க கீது?" என்றார்.

"உள்பக்கமா…" என்று இழுத்தேன். அப்பா என்னையே பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கப்புறம் அவர் யாரிடமும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் மூச்சு நின்றது. அந்தப் பொய்க்கு மன்னிப்புக் கேட்க எனக்கு இந்தப் பக்கத்தைத் தவிர வேறு இடம் இல்லை.

வலியில் துடித்தபோது கூடவே இருந்த செவிலியர்களுக்கும், ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த அக்கா, மாமாவுக்கும், தோள் கொடுத்த பட்டறை நண்பர்களுக்கும் எங்கள் நன்றி.

காரியம் முடிந்த வாரம் சார் என்னைக் கூப்பிட்டார். ஏழாவது துளை அதுவரை அகப்படவில்லை. சட்டத்தை மொத்தமாகக் கழற்றிக் கீழே போட்டிருந்தார். ஆறையும் அப்பா சரிசெய்து முடித்திருந்த சட்டம் அது. வேறு யாரும் எடுத்து இன்னொரு விமானத்தில் போட்டுவிடக் கூடாது என்று ரம்பத்தை எடுத்தார். நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

"இல்லாமக்கூட இருக்கலாமே சார்?" என்று கேட்டேன்.

"மேஸ்திரி ஏழுன்னா ஏழுதான்" என்று சொல்லி அறுக்க ஆரம்பித்தார்.

அவருக்கு எங்கள் குடும்பம் என்றும் நன்றியோடு இருக்கும்.