சுடலைமாடத்திக்குத் தலை சுற்றிய மாசம்

முத்தையாபுரத்தில் உப்பளத்து ஆட்கள் குடியிருந்த தெருவுக்குள் சாயங்காலம் ஓர் ஆம்பளை நுழைய வேண்டுமென்றால் இரண்டைத் தாண்டியாக வேண்டும். தெருமுனை ஓடைக்குக் குறுக்கே கிடந்த பனந்தடி ஒன்று. அதற்கு இந்தப் பக்கம் இடுப்பில் கை வைத்து நிற்கும் சுடலைமாடத்தி இன்னொன்று.

கள்ளுக்கடை, சாராயக்கடை எல்லாவற்றையும் அரசாங்கம் மூடிவிட்ட பிறகு வந்த எழுபத்தைந்தாம் வருஷம் அது. கடையை மூடினால் என்ன, உடைமுள் மரங்கள் அடர்ந்த உடங்காட்டுக்குள் போனால் எவனாவது ஊற்றிக் கொடுப்பான். துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு வருகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அந்தப் பக்கம் கொஞ்சம் ஒதுங்கிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்கள். போலீசுக்குத் தப்பினவன் மாடத்திக்குத் தப்ப முடியாது. பனந்தடியில் ஆடாமல் நடந்து வந்தால் வீட்டில் சோறு. ஓடைக்குள் விழுந்தால் அன்றைக்குப் பட்டினி. தெருப் பொம்பளைகள் அத்தனை பேரும் அவள் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள்.

இரண்டு மகள்களையும் கட்டிக்கொடுத்த பிறகு அதட்டுவதற்கு வீட்டில் ஆள் போதாமல் அவள் தெருவை எடுத்துக்கொண்டாள் என்று லாரி டிரைவர் அம்புரோஸ் சொல்வான். அவன் அதிகமாகப் பட்டினி கிடந்தவன். மாடத்தியின் புருஷன் வெள்ளத்துரை மட்டும் ஒரு நாள்கூட விழுந்ததில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கோயிலுக்குப் போகிறவன் மாதிரி நிதானமாக நடந்து வருவான். "பாத்துப் படிங்கலே" என்பாள் மாடத்தி மற்றவர்களிடம்.

ஐப்பசி மழையோடு ஊரில் காலரா பயம் வந்தது. சுகாதார ஆட்கள் ஜீப்பில் வந்து தெருமுனையில் மேஜை போட்டு, ஊசியைக் கொதிக்க வைத்தார்கள். அந்தக் கண்ணாடி ஊசியைக் கண்டதும் தெருவில் ஆம்பளை ஒருத்தனைக் காணோம். மாடத்தி முதல் ஆளாகப் போய்க் கையை நீட்டினாள். குத்தி முடித்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வேட்டைக்குக் கிளம்பினாள். அம்புரோஸ் தன் லாரிக்கு அடியில் படுத்திருந்தான். அவன் காலைப் பிடித்து இழுத்தாள்.

"ஏலே, ஊசிக்குப் பயப்படுதவனுக்கு மீசை என்னத்துக்கு?"

"மதினி, வண்டியில ரிப்பேர் பாக்கேன்."

"ஸ்பானர் எங்கலே?"

அவனிடம் ஸ்பானர் இல்லை. ஊசி விழுந்தது.

அன்று ராத்திரி தெருவில் பாதிப் பேருக்குக் கை வீங்கிக் காய்ச்சல் அடித்தது. மற்றவர்களுக்கு எல்லாம் அத்தோடு சரி. மாடத்திக்குக் காய்ச்சல் விட்ட மறுநாள் காலையில் பாயைச் சுருட்டுவதற்காக இடப்பக்கம் திரும்பினாள். கூரையும் கூடவே திரும்பியது. திரும்பியது நிற்கவுமில்லை. மாரியம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் ராட்டினத்தில் ஏற்றிவிட்டு, இறக்கிவிட மறந்துபோன மாதிரி இருந்தது. கண்ணை மூடினால் இன்னும் மோசம். சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து வாந்தி எடுத்தாள்.

வெள்ளத்துரை பல் விளக்கிக்கொண்டிருந்தான். பெண்டாட்டி நிற்கிற நிலையைப் பார்த்தான். அவனுக்கு மிகவும் பழக்கமான நிலை அது. கிட்டே வந்தான்.

"ஏளா, வாயை ஊது பாப்போம்."

"என்னது?"

"சும்மா ஊதேன்."

"செருப்பு பிஞ்சிரும். ஊசி போட்டதிலேர்ந்து எனக்கு உடம்பு ஒரு நிலையா இல்லவே. பூமி ஆடுது."

பூமி ஆடவில்லை என்பது தெருவுக்கே தெரிந்தது. குழாயடிக்குக் குடத்தோடு போனவள் நேராகப் போவதாக நினைத்து எதிர்த்த வீட்டுக்குள் போனாள். அங்கே இசக்கித்தாய் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். மாடத்தி அவள் வீட்டு வாசல் நிலையைக் கட்டிப்பிடித்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனாள். அவ்வளவு போதாதா? பத்து மணிக்குள் செய்தி உப்பளம் வரைக்கும் போய்விட்டது.

"அக்கா போட்டிருக்கா."

"ச்சீ, அவளாவது?"

"ஆம்பளைங்ககிட்டப் பிடுங்கின பாட்டில் எல்லாம் எங்க போச்சு? ஓடையில கொட்டுனேன்னுதான சொன்னா. நீ பாத்தியாளா?"

யாரும் பார்த்ததில்லை.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கிய ஆம்பளைகள் யாரும் உடங்காட்டுப் பக்கம் ஒதுங்கவில்லை. இதைவிடப் போதையான சமாச்சாரம் தெருவில் காத்திருந்தது. மாடத்தி வழக்கம்போல ஓடைக்கரையில் நின்றாள், ஆனால் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு. அம்புரோஸ் பனந்தடியில் ஏறி ஆடாமல் அசையாமல் இந்தப் பக்கம் வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"மதினி, நாங்க தினமும் நடக்கோம். இன்னைக்கு ஒரு நாள் நீங்க நடந்து காட்டுங்களேன்."

"எனக்கு உடம்பு சரியில்லலே."

"நாங்களும் அதத்தான சொல்லுவோம்!"

தெரு கொல்லென்று சிரித்தது. இசக்கித்தாயும் சிரித்தாள். மாடத்திக்கு வாந்தி வந்தது. அதைவிட வேகமாகக் கோபம் வந்தது. தலையில் உப்புப் பெட்டியை வைத்துக்கொண்டு சேற்று வரப்பில் கை பிடிக்காமல் நடக்கிறவளுக்கு இந்தப் பனந்தடி ஒரு பெரிய காரியமா? சேலையைத் தூக்கிச் செருகினாள். முதல் எட்டு வைத்தாள். பனந்தடி ஒன்று இரண்டாகத் தெரிந்தது. அதில் இல்லாத தடியில் அவள் காலை வைத்துவிட்டாள்.

ஓடையில் இடுப்பளவுத் தண்ணீர். மாடத்தி எழுந்து நிற்கப் பார்த்து மறுபடியும் உட்கார்ந்தாள். கரையில் சிரித்துச் சிரித்துச் சிலர் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். தண்ணீருக்குள் இருந்தவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவள் அழுது அந்தத் தெரு பார்த்ததில்லை. சிரிப்பு ஒவ்வொரு வாயாக அணைந்தது.

அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்த வெள்ளத்துரை துண்டோடு ஓடைக்குள் குதித்தான்.

"ஏளா, காலைப் பாக்காத. காலைப் பாத்தாத்தான் சுத்தும். தூரத்துல அந்தா கரண்டு கம்பம் இருக்கு பாரு, அதையே பாரு. கண்ணை எடுக்காத. காலை அகட்டி வை."

அவள் கம்பத்தைப் பார்த்தாள். கம்பம் கொஞ்சம் ஆடி, பிறகு நின்றது. எழுந்துவிட்டாள்.

"தலையைச் சடார்னு திருப்பாதீங்கக்கா, உடம்பையும் சேத்துத் திருப்புங்க" என்றான் ஒருவன் கரையிலிருந்து.

"படுக்கும்போது ஒத்தைக் காலைத் தரையில ஊனிக்கிடணும்" என்றான் இன்னொருவன். "கட்டில் சுத்துறது நிக்கும்."

"பேசிக்கிட்டே நடங்க மதினி. வாய் மூடுச்சுன்னா கவனமெல்லாம் காலுக்குப் போயிரும்" என்றான் அம்புரோஸ், அவனும் தண்ணீரில் இறங்கி ஒரு கையைப் பிடித்தபடி.

ஈரச் சேலையோடு கரையேறிய மாடத்தி கம்பத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படிலே தெரியும்?"

ஒருவன் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்தான்.

"தடியில விழாம வந்தவனெல்லாம் குடிக்காம வந்தவன் இல்லையா அப்போ?" மெதுவாக, உடம்பையும் சேர்த்துத் திருப்பி, புருஷனைப் பார்த்தாள். "கோயிலுக்குப் போற மாதிரி வருவீரே... கரண்டு கம்பத்தையா பாத்துட்டு வந்தீரு?"

வெள்ளத்துரை துண்டைப் பிழிந்தான். நன்றாகப் பிழிந்து முடித்த பிறகும் பிழிந்தான்.

மறுநாள் டவுனில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனான். டாக்டர் அவள் கண்ணையும் காதையும் பார்த்துவிட்டுக் கேட்டார், "குடிப்பழக்கம் உண்டா?" வெள்ளத்துரைக்குச் சிரிப்பு முட்டியது. மாடத்தி முழங்கையால் இடித்ததில் அது இருமலாக மாறியது.

"காதுக்குள்ளதான்ம்மா நம்மளை நிமிர்ந்து நிக்க வைக்கிற சமாச்சாரம் இருக்கு. அது கெட்டுப்போயிருக்கு. ஊசிக்குப் பிறகு வந்திருக்கு, சரி. ஊசியாலதானா, அந்தச் சமயம் வந்த வேற காய்ச்சலாலயான்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது. தானாச் சரியாயிரும். ஆனா படுத்தே கிடக்கக் கூடாது. யாரையாவது பிடிச்சுக்கிட்டு தினமும் நடக்கணும்."

யாரையாவது என்றால் யாரை? பிடிக்கிறவன் நேராக நின்றால்தானே பிடித்து நடக்க முடியும்? ஆகவே அந்த மாசம் முழுக்க வெள்ளத்துரை பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக வீட்டுக்கு வந்தான். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அவன் தோளைப் பிடித்துக்கொண்டு மாடத்தி நடந்தாள். வாய் மூடக் கூடாது என்பதால் பழைய கணக்கெல்லாம் கேட்டாள். எந்தெந்த நாள், யாரோடு, எவ்வளவு. அவன் ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டே நடந்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர்கள் அவ்வளவு பேசினதில்லை. இசக்கித்தாய் தோசை கொண்டுவந்து கொடுத்து, மன்னிப்பையும் அதிலேயே முடித்துக்கொண்டாள். உப்பளத்துக் கங்காணி மாடத்தியைத் தலைச்சுமையிலிருந்து எடுத்து மூட்டை தைக்கிற வேலையில் உட்கார வைத்தார்.

தை பிறந்தபோது தலைசுற்றல் கிட்டத்தட்ட விட்டிருந்தது. இடப்பக்கம் வெடுக்கென்று திரும்பினால் மட்டும் கொஞ்சம் உலகம் நகரும். தெருவுக்கு இது தெரிந்துபோனது. தப்புத் தண்டா பண்ணிவிட்டு வருகிறவர்கள் அவளுக்கு இடது கைப்பக்கமாக வந்து நின்று பேச ஆரம்பித்தார்கள். அவள் கப்பலைத் திருப்புவது மாதிரி மெல்லத் திரும்பி முடிப்பதற்குள் ஆள் போய்விடுவான்.

மாசியில் ஒரு நாள் அம்புரோஸ் கண் சிவக்க வந்து அந்தப் பக்கமாக நின்றான். "என்ன மதினி, சௌக்கியமா?" என்று அவன் கேட்டு முடிப்பதற்குள் அறை விழுந்தது.

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டான். "சுத்தலையா மதினி?"

"அது நின்னு பத்து நாளாச்சுலே" என்றாள் சுடலைமாடத்தி. "ஒருத்தர்கிட்டயும் சொல்லல."